மலையேறிய தண்டவாளங்கள் – 11: யோகொகவாவில் நான்கு நிமிடம்

சென்ற இதழில் தக்கசாகி சந்திப்போடு நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து மேற்கே பிரியும் ஷின்-எட்சு பிரதான பாதையில் இன்று நீங்கள் ஏறினால், தக்கசாகியையும் சேர்த்து எட்டாவது நிலையத்தில் எல்லோரும் இறங்கியாக வேண்டும். 29.7 கிலோமீட்டர் தூரம், அரைமணிக்குச் சற்று அதிகம். அந்த எட்டாவது நிலையம்தான் யோகொகவா. அதற்கு அப்பால் ரயில் இல்லை. பாதையின் பெயரில் மட்டும் ‘பிரதான’ என்ற பட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகானோவுக்கும் ஜப்பான் கடலோரத்துக்கும் ஒரே கோடாக ஓடிய பாதை இன்று மூன்று துண்டு. முதல் துண்டின் முடிவு குன்மா மாகாணத்தின் இந்த மலையடிவாரம்.

இந்த ஊரில் ஒரு காலத்தில் எல்லா ரயிலும் நின்றது. எக்ஸ்பிரஸும் நின்றது, சரக்கு ரயிலும் நின்றது, இரவு ரயிலும் நின்றது. இறங்கும் கூட்டத்துக்காக இல்லை, ஊர் சிறியது. நிற்காமல் மேலே போக முடியாது, அதனால் நின்றன. ரயில் நிலையம் என்பதற்கு ஊர் காரணம், சந்தை காரணம், துறைமுகம் காரணம் என்று இதுவரை பல கதைகள் பார்த்துவிட்டோம். யோகொகவாவுக்கு ஒரு சரிவு காரணம்.

நிலையம் கடல்மட்டத்துக்கு 387 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உசுய் கணவாய்க்கு மேலே உள்ள அடுத்த நிலையமான கருயிசவா 939 மீட்டரில். நடுவில் 11.2 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் 552 மீட்டர் ஏற வேண்டும்.

யோகொகவாவுக்கு ரயில் வந்தது 1885 அக்டோபர் 15 அன்று. வந்த காரணம் சற்று விசித்திரமானது. தோக்கியோவையும் கியோத்தோவையும் இணைக்கும் நாட்டின் முதுகெலும்புப் பாதையைக் கடலோரமாகப் போடுவதா, உள்நாட்டு மலைவழியாகப் போடுவதா என்ற கேள்வியில், 1883இல் அரசு மலைவழியைத் தேர்ந்தெடுத்தது. எடோ காலத்து நகசெந்தோ நெடுஞ்சாலையின் தடம் அது. கடலோரப் பாதையை எதிரிக் கப்பல்கள் சுட்டுவிடும் என்பது ராணுவத்தின் கவலை. மூன்று ஆண்டு கழித்து, செலவையும் மலையையும் பார்த்துத் திகைத்துப்போய், கடலோரத் தோக்கைதோ வழிக்கே மாறிவிட்டார்கள். அதற்குள் தக்கசாகியிலிருந்து யோகொகவா வரை தண்டவாளம் வந்துவிட்டது. எதிர்ப்புறம் நவோஎட்சு துறைமுகத்திலிருந்து தெற்கே ஏறிவந்த பாதையும் 1888 டிசம்பரில் கருயிசவாவைத் தொட்டது. இரு முனைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க, நடுவில் மலை.

அந்த இடைவெளியைச் சில ஆண்டுகள் குதிரைகள் நிரப்பின. 1888இல் சாலையோரம் சின்னத் தண்டவாளம் போட்டு, குதிரை இழுக்கும் ட்ராம் விட்டார்கள். கணவாயைக் கடக்க இரண்டரை மணி நேரம் ஆகும். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அது எந்த லட்சணத்தில் ஓடியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நிஜமான ரயிலை ஏற்றப் பல வழிகள் வரைந்து பார்த்தார்கள். சுற்றிச் சுற்றிப் போனால் சாய்வு குறையும், செலவு கூடும். நேராகப் போனால் 15 அடிக்கு 1 அடி ஏற்றம். சாதாரணச் சக்கரம் வழுக்கும். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் பல்சக்கர ரயில் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்த ஜப்பானியப் பொறியாளர்கள் அதையே இங்கும் போடலாம் என்றார்கள். சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை அது. இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்கள் கிடக்கும். இன்ஜினின் அடிவயிற்றில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். மேட்டுப்பாளையத்தில் ஏறிக் குன்னூரில் இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீலகிரி ரயிலும் அதே ஆப்ட் முறைதான். நீலகிரியில் இரண்டு சட்டங்கள், உசுய் கணவாயில் மூன்று. பற்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் முன்பின்னாக விலகி நிற்கும், எந்தக் கணத்திலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும்படி. குன்னூருக்கு ரயில் ஏறியது 1899இல். உசுய்க்கு 1893 ஏப்ரல் 1.

வேலை தொடங்கியது 1891இல். இரண்டு ஆண்டுக்குள் 26 சுரங்கங்களும் 18 பாலங்களும் முடிந்துவிட்டன. ஆங்கிலேயப் பொறியாளர் சார்ல்ஸ் பவ்னலும் ஃபுருகவா செய்இச்சியும் பாலங்களை வடிவமைத்தார்கள். மூன்றாம் எண் பாலம்தான் இன்று படங்களில் எல்லாம் வருகிறது: நான்கு வளைவுகள், 91 மீட்டர் நீளம், 31 மீட்டர் உயரம், இருபது லட்சம் செங்கல். இரும்பே இல்லாமல் செங்கல்லை மட்டும் நம்பி எழுப்பியது. ஊர்க்காரர்கள் அதை மூக்குக்கண்ணாடிப் பாலம் என்கிறார்கள். இந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. சுமார் 500 பேர் வேலையில் இறந்ததாக அந்தப் பகுதியில் சொல்லப்பட்டு வருகிறது. பாலத்தைப் படமெடுக்கப் போகிறவர்களின் வழிகாட்டிப் புத்தகங்களில் செங்கல் கணக்கு முதல் வரியில் வரும். இந்தக் கணக்கு வந்தால் கடைசி வரியில்.

ரயில் ஓடத் தொடங்கியதும் புதிய தொல்லை வந்தது. 11.2 கிலோமீட்டருக்கு 75 நிமிடம், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர். வேகம் குறைவு என்பதில் யாருக்கும் பெரிய புகார் இல்லை. புகைதான் கொன்றது. 26 சுரங்கங்கள் என்றால் புகைபோக்கி போல மலையைக் குடைந்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். ரயில் கீழ் வாயில் வழியாக நுழைந்ததும், அதன் பின்னாலேயே காற்றும் மேல்நோக்கி இழுபடும். அந்தக் காற்று புகையை ரயிலின் வேகத்திலேயே கூட்டிக்கொண்டு வரும். ஊர்ந்து போகிற ரயில், கூடவே ஊர்ந்து வருகிற புகை. ஓட்டுநர்கள் மூச்சுத் திணறி மயங்கினார்கள். பயணிகள் ஜன்னலை அடைத்துக்கொண்டு முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார்கள்.

இதற்குக் கண்ட வழி துணித்திரை. சுரங்கத்தின் கீழ் வாயிலில் ஒரு பெரிய திரை, அதை இழுக்க ஒரு ஆள். கடைசிப் பெட்டி உள்ளே போன மறுகணம் அவர் திரையை இழுத்து வாயிலை மூடிவிட வேண்டும். பின்னால் வரும் காற்று அறுபடும், புகை துரத்தி வராமல் பின்தங்கும். ரயில் மேல் வாயிலைத் தாண்டியதும் திரையைத் திறந்து சுரங்கத்தைக் காற்றாட விடுவார். அடுத்த ரயில் வரும்வரை காத்திருப்பு. இதற்கென்றே சுரங்கக் காவலர்கள் மலைமேல் குடிசை போட்டுக் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். இரவு, பனி, மழை எதற்கும் விடுப்பு இல்லை. ரயில்வே வரலாற்றில் இன்ஜின் ஓட்டியவர்களைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது. திரை இழுத்தவர்களைப் பற்றி யாராவது ஒரு நாவல் எழுதலாம்.

புகைக்கு முடிவு கட்டியது மின்சாரம். யோகொகவாவிலேயே நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் கட்டி, 1912 மே மாதம் மின்சார இன்ஜின்களை இறக்கினார்கள். ஜப்பானிய அரசு ரயில்வேயில் மின்சார இன்ஜின் முதன்முதலில் ரயிலை இழுத்தது தோக்கியோவில் இல்லை, இந்த மலையில்தான். இன்ஜின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. சுரங்கத்துக்குள் மேலே கம்பி கட்ட இடம் போதாது; ஆகவே பக்கவாட்டில் மூன்றாவது தண்டவாளம் ஒன்று போட்டு அதில் மின்சாரம் செலுத்தினார்கள். ஆட்கள் நடமாடும் நிலைய வளாகத்தில் மட்டும் மேலே கம்பி. பயணம் 50 நிமிடத்துக்குள் வந்தது. இன்ஜின் ஏறும்போது திடீரென்று கேட்கும் கூடுதல் மின்சாரத்துக்காக மருயாமா என்ற இடத்தில் பாட்டரிகளை அடுக்கி வைக்கச் செங்கல் மாளிகை போலொரு துணைமின் நிலையம் கட்டினார்கள். அது இன்னும் நிற்கிறது. மூக்குக்கண்ணாடிப் பாலத்தோடு சேர்ந்து தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் இருக்கிறது.

பாதிவழியில் குமனோதாய்ரா என்றொரு சிறு நிலையம், சுரங்கங்களுக்கு நடுவே கிடைத்த கொஞ்சம் சமதளம். எதிரெதிர் ரயில்கள் ஒதுங்கிச் செல்லும் இடம். 1950 ஜூன் 8 இரவு அங்கே மண் சரிந்து தண்டவாளத்தை மூடியது. ஆட்கள் இரவோடிரவாக மண்ணை அள்ளிக்கொண்டிருந்தபோது, மறுநாள் காலை மலை மறுபடி சரிந்தது. இந்தமுறை பெரிதாக. வேலை செய்துகொண்டிருந்தவர்கள், நிலைய அதிகாரி, ரயில்வே குடியிருப்பில் இருந்த பெண்கள், குழந்தைகள் என 50 பேர் இறந்தார்கள். குழந்தையை அணைத்த தாயின் சிலை ஒன்று அங்கே இருக்கிறது.

1963இல் பல்சக்கரத்துக்கு விடை கொடுத்தார்கள். பக்கத்திலேயே புதுப்பாதை போட்டு, அதே செங்குத்துச் சாய்வில் சாதாரணச் சக்கரத்தால் ஏறுவது என்று துணிந்தார்கள். ஜூலையில் புதுப்பாதை திறந்தது, செப்டம்பர் 30இல் ஆப்ட் முறை ஓய்ந்தது, 1966இல் இரட்டைப் பாதை ஆனது. இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இருந்தது ஈஎஃப் 63 என்ற இன்ஜின்.

108 டன் எடை. 1962 முதல் 1976 வரை மொத்தமே 25 இன்ஜின்கள் செய்தார்கள், எல்லாம் இந்த 11 கிலோமீட்டருக்காக. நாட்டின் வேறெந்தச் சரிவுக்கும் அவை தேவைப்படவில்லை. இரண்டிரண்டாகத்தான் வேலை செய்யும், எப்போதும் யோகொகவா பக்கமே நிற்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். நம் ரயில்வேக்காரர்கள் ‘பேங்கர்’ என்பார்களே, அது. இறங்கும்போது முன்னால் நின்று மொத்த ரயிலையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வரும். வழக்கமான பிரேக்குகள் போதாதென்று, தண்டவாளத்தையே காந்தத்தால் கவ்விப் பிடிக்கும் பிரேக் ஒன்றும் அதில் இருந்தது. ரயில் பிரியர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கணவாயின் ஷெர்பா’.

ஏறும்போது ரயிலை ஓட்டுவது யார் என்பதில்தான் வேடிக்கை. முன் பெட்டியில் ஒரு ஓட்டுநர் இருப்பார், அவர் ஓட்டுவதில்லை. சிக்னலைப் பார்த்துப் பின்னால் இருப்பவருக்குச் சொல்வார். கடைசியில் ஈஎஃப் 63க்குள் உட்கார்ந்திருப்பவர், எதிரே எதையும் பார்க்காமல், முன்னால் உள்ள மின்தொடர் வண்டியின் மோட்டார்களையும் சேர்த்துத் தன் கையிலுள்ள நெம்புகோலால் இயக்குவார். இந்தக் கூட்டு ஓட்டம் வந்த பிறகே 12 பெட்டி ரயில்கள் கணவாயைக் கடந்தன. அதற்குமுன் மின்தொடர் வண்டிகளுக்கு எட்டுப் பெட்டிதான் வரம்பு. இன்னொரு முன்னெச்சரிக்கையும் உண்டு. சொகுசுக்காகப் பெட்டிகளுக்கு அடியில் வைத்திருக்கும் காற்றுப் பைகள், பின்னாலிருந்து தள்ளும்போது பெட்டியைத் தூக்கித் தடம்புரள வைத்துவிடலாம் என்று பயந்தார்கள். ஆகவே கணவாய்க்கு முன் பைகளின் காற்றை இறக்கிவிடுவார்கள். எக்ஸ்பிரஸ் கட்டணம் கொடுத்தவரும் அந்த 11 கிலோமீட்டரைத் தடதடவென்றுதான் கடந்தார்.

ஏறுவதற்கு 17 நிமிடம். இறங்குவதற்கு 24. மலையைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 1975 அக்டோபர் 28 அன்று பெட்டிகள் இல்லாமல் இறங்கிய நான்கு இன்ஜின்கள் கட்டுப்பாட்டை மீறி ஓடிச் சரிவில் கவிழ்ந்தன. பணியாளர்கள் மூவர் படுகாயமடைந்தார்கள்.

ஈஎஃப் 63ஐ மாட்டுவதற்காக யோகொகவாவில் ரயில் நிற்கும் நேரம் சுமார் நான்கு நிமிடம். ஊரின் பிழைப்பு அந்த நான்கு நிமிடத்தில் இருந்தது.

நிலையம் திறந்த 1885லேயே ஒகினோயா என்ற குடும்பக்கடை பிளாட்பாரத்தில் உணவுப்பொதி விற்க வந்துவிட்டது. ஆரம்பத்தில் சோற்று உருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும். அப்படியே எழுபது ஆண்டு ஓட்டினார்கள். போருக்குப் பிறகு வியாபாரம் படுத்தது. மற்ற ஊர்களிலும் அதே மாதிரிப் பொதி கிடைக்கும்போது, தோக்கியோவிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் இடத்தில் ஏன் வாங்க வேண்டும்? கடையின் நான்காம் தலைமுறைத் தலைவி தகமிசவா மினெஜி செய்தது எளிய காரியம். பிளாட்பாரத்தில் இறங்கி, நின்ற ரயில்களின் பயணிகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். சூடாக இருக்க வேண்டும், வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்க வேண்டும், பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பவைதாம் திரும்பத் திரும்ப வந்த பதில்கள்.

மரப்பெட்டியில் சூடு நிற்காது. பக்கத்து மாகாணமான தோச்சிகியில் மஷிகோ என்ற குயவர் ஊர் இருக்கிறது. அங்கே செய்த சின்ன மண்பானை ஒன்று கைக்கு வந்தது. 1958 பிப்ரவரி 1 அன்று ‘தோகே நோ கமமேஷி’ பிறந்தது. ‘கணவாய்ப் பானைச் சோறு’ என்று சொல்லலாம். விலை 120 யென். மேலே பழுப்பு, கீழே வெளிர்நிறம், உள்ளங்கை இரண்டிலும் அடங்கும் பானை. மூடியின்மேல் காகிதம் போர்த்தி நூலால் கட்டியிருக்கும். திறந்தால் குழம்புச் சாற்றில் வெந்த சோறு, அதன்மேல் கோழி, மூங்கில் குருத்து, கோபோ வேர், ஷீத்தாகே காளான், காடை முட்டை, பச்சைப் பட்டாணி, சிவப்பு இஞ்சி, செஸ்ட்நட், ஒரு சர்க்கரைப்பாதாமி. ஊறுகாய் தனிச் சிமிழில். சாப்பிட்டு முடித்தால் பானை உங்களுடையது. ஒருவருக்கான அரிசியை அதிலேயே மறுபடி வேகவைக்கலாம். ஜப்பானிய வீடுகளில் பாதி பேர் அதில் பூச்செடி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வெளியூர்ப் பத்திரிகைகள் எழுத, பானை பிடித்துக்கொண்டது. நான்கு நிமிடத்துக்குள் ஜன்னல் ஜன்னலாக ஓடி விற்றார்கள். ரயில் புறப்படும் மணி அடித்ததும் விற்பனையாளர்கள் வரிசையாக நின்று, கடைசிப் பெட்டி போகும்வரை இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்கினார்கள். யோகொகவாவின் பழைய புகைப்படங்களில் இன்ஜினுக்குச் சமமாக இடம்பிடித்தது இந்த வணக்கம்.

மினெஜியின் கெட்டிக்காரத்தனம் பானையோடு நின்றுவிடவில்லை. 1962இல், ரயில் வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே, கடை 18ஆம் எண் தேசியச் சாலையில் கார்க்காரர்களுக்கான உணவகத்தைத் திறந்துவிட்டது. கணவாயில் ரயில் எப்போதும் ஓடும் என்று ரயில்வே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பின்னால் விரைவுச்சாலை வந்தபோது அங்கும் போனார்கள்.

1991இல் நகானோவுக்கு 1998 குளிர்கால ஒலிம்பிக் கிடைத்தது. அதற்குள் ஷின்கான்சென் அதிவேக ரயில் போயாக வேண்டும். அந்தப் பாதை யோகொகவாவைத் தொடவே இல்லை. வடக்கே விலகி, நீண்ட சுரங்கங்கள் வழியாக, பாதிக்கும் குறைவான சாய்வில் கருயிசவாவுக்கு ஏறியது. தோக்கியோ – நகானோ 79 நிமிடம் ஆனது. பேங்கர் தேவையில்லை, நிறுத்தம் தேவையில்லை. பழைய பாதையை வைத்துக்கொண்டால் தனி இன்ஜின்கள், தனி ஷெட், தனி ஆட்கள், எல்லாம் மலைக்கிராமங்களின் கொஞ்சம் பயணிகளுக்காக. ஜேஆர் கிழக்கு நிறுவனம் கணக்குப் போட்டது. 1997 செப்டம்பர் 30 அன்று கடைசி ரயில்கள் ஓடின, மறுநாள் ஷின்கான்சென் திறந்தது. புதிய அதிவேகப் பாதை வந்ததற்காகப் பழைய பிரதான பாதையின் ஒரு பகுதியே வெட்டப்பட்டது ஜப்பானில் அதுவே முதல் முறை. கருயிசவாவுக்கு அப்பால் இருந்த பகுதியை ஷினானோ ரயில்வே என்ற உள்ளூர் நிறுவனம் எடுத்து நடத்துகிறது. கணவாய்த் துண்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நடைமுறை நியாயம் ரயில்வேயின் பக்கம்தான் என்று எனக்கும் படுகிறது. ஆனால் செய்த விதம்? நூறாண்டு ரயிலுக்கு மாற்றாக ஒரு பேருந்தை விட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

இப்போது யோகொகவாவில் என்ன இருக்கிறது? சுமார் மணிக்கு ஒன்றாகத் தக்கசாகிக்குப் போகும் உள்ளூர் மின்தொடர் வண்டி. மாணவர்கள், வயதானவர்கள், முதுகில் பை மாட்டிய நடைப்பயணிகள். சில வார இறுதிகளில் தக்கசாகியிலிருந்து நீராவி இன்ஜின் பூட்டிய ரயில் வரும். அன்று பிளாட்பாரத்தில் நிற்க இடம் இருக்காது. கருயிசவாவுக்கு ஜேஆர் பேருந்து உண்டு, அரைமணிப் பயணம், நாளைக்குச் சில தடவைதான். நேரம் பார்க்காமல் வந்தால் பானைச் சோற்றைச் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். ஒகினோயாவின் தலைமைக் கடை நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. வெளியே வரும்போது கால்வாய் மூடியைக் கவனியுங்கள். இரும்பு மூடி பற்கள் பற்களாக இருக்கும். 1963இல் கழற்றிய ஆப்ட் சட்டங்கள்தாம் சாக்கடை மூடியாகியிருக்கின்றன.

ஈஎஃப் 63கள் நின்ற லோகோ ஷெட் 1999இல் ரயில் பண்பாட்டுப் பூங்காவாகிவிட்டது. அங்கிருந்து பழைய தண்டவாளத்தின் ஒரு பகுதியில் சுற்றுலா வண்டி ஏறுகிறது. 1893ஆம் ஆண்டுப் பாதை நடைபாதையாகி, பத்துச் சுரங்கங்கள் வழியாக, மூக்குக்கண்ணாடிப் பாலத்தின்மேல் ஏறிக் குமனோதாய்ரா வரை சுமார் 6 கிலோமீட்டர் போகிறது. பூங்காவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதித் தேறினால், நிஜ ஈஎஃப் 63ஐ நீங்களே ஓட்டலாம். சொல்லிக்கொடுப்பவர்கள் அந்தக் கணவாயில் அதை ஓட்டிய பழைய ஓட்டுநர்கள். தேறியவர்கள் மறுபடி மறுபடி வந்து காசு கட்டி ஓட்டுகிறார்கள்.

அடுத்த இதழில் மலையின் மேல்பக்கம்: கருயிசவாவில் வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் கோடைவாசம் தேடி வந்த கதை, அவர்கள் பின்னாலேயே வந்த ரயிலின் கதை.

(தொடரும்)